வேகத்தை விடப் பெரிய பலன் ஒன்று இருக்கிறது

உயிரியல் ஆய்வகத்தில் திரவங்களை அளந்து விடும் தானியங்கி இயந்திரங்களின் முதல் பலன் வேகம் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சரி, ஆனால் பல வருடம் கையால் பிப்பெட் (திரவத்தை அளவாக உறிஞ்சி விடும் கருவி) பிடித்தவன் என்ற முறையில், வேலை ஒரே சீராக நடப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 96 சின்னக் குழிகள் உள்ள சோதனைத் தட்டில் குழிக்கு 2 மைக்ரோலிட்டர் (ஒரு துளியை விட மிகக் குறைவு) வீதம் விட்டுக்கொண்டே வரும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு, எந்தக் குழியில் விட்டோம், எதில் விடவில்லை என்று தட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியதுதான். 384 குழி என்றால் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் கட்டைவிரல் மூட்டு வலி வேறு.

இயந்திரத்துக்கு அந்தக் களைப்பு கிடையாது. அதோடு பார்கோடைப் படித்து எந்தச் சாம்பிள் எந்தக் குழிக்குப் போனது என்று பதிவும் வைத்துவிடும், ஆறு மாதம் கழித்து ஒரு முடிவில் சந்தேகம் வந்தால்கூடத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். கையால் எழுதிய நோட்டில் இதைத் தேடிப் பாருங்கள், தெரியும். பெரிய வேலைகளுக்கும் தானியங்கிகள்தான் கைகொடுத்தன: மனித டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்தறிய 1990இல் தொடங்கிய மனித மரபணுத் தொகுதித் திட்டம் 2003இல் முடிந்ததற்கு, அந்த வரிசையைத் தானாகவே படிக்கும் கருவிகள் முக்கியக் காரணம்.

அப்புறம் ஒன்று, வாங்கி வைத்தால் மட்டும் போதாது. இயந்திரம் விடும் அளவை அவ்வப்போது சரிபார்க்காவிட்டால் அதே பிழையை எல்லாக் குழியிலும் அச்சுப் பிசகாமல் செய்யும். கிளிசரால் போன்ற பிசுபிசுப்பான திரவத்துக்கு உறிஞ்சும் வேகத்தைக் குறைத்துத் தனியாக அமைக்க வேண்டும், தண்ணீருக்கு வைத்த அமைப்பிலேயே ஓட்டினால் அளவு குறைந்துதான் விழும்.