கிரீஸ் நாட்டு சாண்டோரினி தீவுல டிசம்பர்ல கடல் குளியலா?

"சாண்டோரினியில் வருஷம் முழுக்க வெயில், டிசம்பர்ல போனா கூட்டமில்லாம கடல்ல குளிக்கலாம்"னு மேலே ஒருத்தர் போட்டிருக்கார். கூட்டம் இருக்காதுங்கறது சரி. மத்தது தப்புங்க. அந்தப் பக்கம் மழை பெய்யறதே குளிர்காலத்துலதான். டிசம்பர்ல பகல்லயே சுமார் 15 டிகிரி, காத்தும் சேர்ந்தா ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியாது. நிறைய ஹோட்டல்கள் நவம்பர்லயே பூட்டிடுவாங்க. காத்து பலமா அடிச்சா ஏதென்ஸ் பக்கத்துல இருக்கிற பிரேயஸ் துறைமுகத்துலேர்ந்து வர்ற கப்பலும் நின்னுடும். குளிக்கணும்னா செப்டம்பர்ல போங்க, கோடை முழுக்கச் சூடேறின தண்ணி அப்பவும் வெதுவெதுன்னு இருக்கும்.

இன்னொண்ணு, போட்டோல வர்ற ஓயா, ஃபிரா ரெண்டும் செங்குத்துப் பாறை உச்சியில இருக்கிற ஊர்கள். கடற்கரைக்கு கமாரி, பெரிஸ்ஸாங்கற ஊர்களுக்குப் போகணும். அங்கே எரிமலைக் கறுப்பு மணல், கோடை மதியத்துல கொதிக்கும். குழந்தைங்களைச் செருப்போடயே இறக்குங்க.