கனடா அவசரநிலைச் சட்டம்: ராணுவ ஆட்சியும் இல்லை, குறையற்றதும் இல்லை

கனடாவில் கொரோனா தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து 2022இல் நடந்த போராட்டம் பற்றி, "லாரி ஓட்டுநர் போராட்டத்தை ஒடுக்க அன்றைய பிரதமர் ட்ரூடோ ராணுவ ஆட்சி கொண்டுவந்தார், நாடாளுமன்றத்தைக் கேட்கவே இல்லை, போராட்டத்துக்கு நன்கொடை தந்த எல்லாருடைய வங்கிக் கணக்கையும் முடக்கினார்" என்று சிலர் எழுதுகிறார்கள். மூன்றும் தவறு.

2022 பிப்ரவரி 14 அன்று பிறப்பிக்கப்பட்டது 1988ஆம் ஆண்டு அவசரநிலைச் சட்டத்தின் கீழான அறிவிப்பு. தெருவில் இறங்கியது போலீஸ்தான், ராணுவம் அல்ல. அறிவிப்பு முதலில் வரும், நாடாளுமன்றம் கூடும் நாட்களில் ஏழு நாட்களுக்குள் அதன் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும் என்பதே சட்டம். பிப்ரவரி 21 அன்று மக்களவை 185க்கு 151 என ஒப்புதல் தந்தது. மேலவையான செனட் வாக்களிக்கும் முன்பே, 23ஆம் தேதி, அரசு அதைத் திரும்பப் பெற்றது.

முடக்கப்பட்டவை ஏறத்தாழ 280 கணக்குகள். போராட்டத்தில் ஈடுபட்டவர்கள், வண்டி உரிமையாளர்கள் பெயர்களைத்தான் போலீஸ் வங்கிகளுக்குக் கொடுத்தது, நன்கொடையாளர் பட்டியலை அல்ல. ஆனால் உண்மையான கோளாறு இங்கேதான் இருக்கிறது. கணக்கை முடக்க நீதிமன்ற ஆணை தேவைப்படவில்லை, யாருடையதை முடக்கலாம் என்பதற்கு எந்த அளவுகோலும் இல்லை. கூட்டுக் கணக்கு என்றால் போராட்டத்துக்கே போகாத மனைவியின் பணமும் சேர்ந்து முடங்கியது. அரசைக் கண்டிக்க இது ஒன்றே போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்ட்சர் நகரில் அமெரிக்காவுடன் இணைக்கும் அம்பாசடர் பாலத்தை அடைத்திருந்தவர்கள் அறிவிப்புக்கு முந்தைய நாளே, நீதிமன்றத் தடையாணையை வைத்து அகற்றப்பட்டார்கள். வழக்கமான சட்டங்கள் போதவில்லை என்ற வாதம் அங்கே பலவீனமாகிறது. 2023இல், இதை விசாரித்த ரூலோ ஆணையம், தயக்கத்தோடு, அறிவிப்பு நியாயமே என்றது. 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி மோஸ்லி அது நியாயமற்றது என்றார். கருத்துரிமையும் காரணமற்ற சோதனை, பறிமுதலுக்கு எதிரான உரிமையும் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தார்.