பரிந்துரைப் பட்டியலுக்கு எட்டாத இசை
புதிய மின்னணு இசையைக் கண்டடையச் செயலிகளின் பரிந்துரையே போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பலர் ஏற்கெனவே கேட்டதை வைத்தே பரிந்துரை பெரிதும் அமைகிறது. ஆகவே, கேட்போர் குறைவாக உள்ள தயாரிப்பாளர் அதில் மேலே வருவது அரிது. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 (பேஸ் சிந்தசைசர்), டிஆர்-808 (மின்னணுத் தாளக் கருவி) ஆகியவற்றைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த இசைத்தட்டு அன்று கவனிக்கப்படவே இல்லை. பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலைந்த நெதர்லாந்துச் சேகரிப்பாளர் ஒருவரின் கையில் கிடைத்ததால்தான் 2010-இல் அது மறுவெளியீடு கண்டு, உலகெங்கும் பேசப்பட்டது. சேலத்தில் இருந்துகொண்டு நான் தேடுவதும் மனிதர்கள் வழியாகவே: கலைஞர்கள் தம் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு ஆல்பம் பிடித்துவிட்டால், அதை வாங்கியவர்களின் பக்கங்களைத் திறந்து, அவர்கள் வேறு எவற்றைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன், மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் செப்பம்) செய்தவரின் பெயரையும் லேபிளின் (இசை வெளியீட்டு நிறுவனத்தின்) பெயரையும் குறித்துக்கொண்டு அவர்களுடைய பிற வெளியீடுகளுக்குச் செல்வேன். சிறிய லேபிள்களை நடத்துவோர் பெரும்பாலும் தமக்கு உண்மையாகவே பிடித்ததை மட்டும் வெளியிடுகிறார்கள் என்பதால் இந்த வழி என்னை அரிதாகவே ஏமாற்றியிருக்கிறது. மேலே கருத்திட்ட ஏற்காட்டு அன்பர் மலையில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோவதாகக் குறிப்பிட்டிருந்தார். பேண்ட்கேம்பில் வாங்கும் ஆல்பத்தை ஃபிளாக் (ஒலித்தரம் குறையாத) கோப்பாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம், கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போனாலும் இசை தடைபடாது.