உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள்

எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்து போன வாரத்தோடு 14 மாதம். அன்றைக்கு 112 கிலோ, இன்றைக்குக் காலையில் 79. இதைச் சொன்னதும் இன்பாக்ஸில் முதலில் வரும் கேள்வி "எவ்வளவு செலவாச்சு?" அடுத்தது "வலிச்சுதாக்கா?" இதுவரை ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "வீட்டுல யார் சமைச்சா?" அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள், மூன்றாம் நாள் வீடு. வலி என்று பார்த்தால் ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் தோள்பட்டையில் வந்த வலிதான் பெரிசு. நாலு நாள் நடந்து நடந்து போக்கினேன். ஆபரேஷன் பற்றி இவ்வளவு போதும். அது டாக்டர் வேலை, அவர் நன்றாகவே செய்தார்.

என் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். ஓட்ஸ் கஞ்சி, ப்ரோக்கோலி சூப், கிரீக் யோகர்ட். நான் திண்டுக்கல்காரி. ப்ரோக்கோலியைக் கல்யாண வீட்டு ஃப்ரைட் ரைஸில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை நானே நம் சமையலுக்கு மாற்றி எழுதினேன். முதல் இரண்டு வாரம் தண்ணியாக இருப்பது மட்டும்: வடிகட்டின மோர், பருப்புத் தண்ணி, ரசத்தில் மேலே நிற்கும் தெளிவு, எலும்பு சூப்பை மெல்லிய துணியில் வடித்தது. இருமல் மருந்து பாட்டிலின் மூடிதான் டம்ளர். இரண்டு மூடி, அப்புறம் கால் மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு மூடி. ஒரு டம்ளர் மோர் குடித்து முடிக்க ஒரு சீரியலும் அதன் விளம்பரங்களும் முடிந்துவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து மசித்தது: குழைந்த பருப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, முள் எடுத்துப் பிசைந்த மீன். ஐந்தாவது வாரம் மெதுவானது. இரண்டு மாதம் கழிந்துதான் மற்றவர்கள் சாப்பிடுவதில் ஒரு குழந்தை அளவு.

பசியைப் பற்றிக் கேட்பீர்கள். பசியே இல்லை. வெட்டி எடுக்கும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறதாம். அது போனதும் நாலைந்து மாதம் வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பசி போய்விட்டது, என் கை போகவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டயட்டீஷியன் ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதி வரச் சொன்னார். ஒழுங்காக எழுதினேன். காலையில் நாலு இட்லி, மத்தியானம் சோறு குழம்பு, ராத்திரி மூணு தோசை. அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "இவ்வளவுதானாக்கா?" இவ்வளவுதான் என்றேன், சத்தியமாக. பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டதை எழுதியிருந்தேன். நின்றுகொண்டு சாப்பிட்டதைச் சாப்பாடு என்றே நான் நினைத்ததில்லை.

மகன் பாதியில் விட்ட தோசை, தட்டில் கிடக்கும் சட்னியோடு. மகளின் டிபன் டப்பாவில் திரும்பி வந்த புளியோதரை. பானை அடியில் ஒட்டின ஒரு கைச் சோறு, அதைக் குழம்புச் சட்டியில் போட்டுப் புரட்டி ஒரு உருண்டை. உப்புப் பார்க்க ஒரு கரண்டி, காரம் பார்க்க ஒரு கரண்டி, சரியாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு கரண்டி. ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது ஃப்ரிட்ஜில் வைக்க முடியாத அளவு மிச்சம், கொட்ட மனசு வராத அளவு மிச்சம். நம் வீடுகளில் அந்த மிச்சத்துக்கு ஒரு பாத்திரம் உண்டு. வீட்டுப் பெண்தான் அந்தப் பாத்திரம். எடை கூடினால் "வாயைக் கட்டு" என்று அறிவுரை சொல்லும் ஒருத்தரும் தன் தட்டை அலம்பி வைத்ததில்லை.

இருபத்தைந்தாம் நாள் என்று நினைக்கிறேன். சாயங்காலம் நாலரை மணிக்கு மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கடாசிவிட்டு விளையாடப் போய்விட்டான். டப்பாவைத் திறந்தால் பாதி லெமன் சாதம், காய்ந்து கட்டியாக. எப்போது எடுத்தேன், எப்போது வாயில் போட்டேன் என்று தெரியாது. இரண்டு வாய் இருக்கும். மெல்லவும் இல்லை. நெஞ்சுக் குழியில் ஒரு கல்லை வைத்து அழுத்துவது மாதிரி வந்து நின்றது. தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும் என்று ஒரு மடக்கு குடித்தேன், அது அடுத்த தப்பு. வாயெல்லாம் எச்சில் நுரைத்துக்கொண்டு வருகிறது, மூக்கு ஒழுகுகிறது, விக்கல். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் குனிந்தே நின்றேன். கடைசியில் மேலே வந்தது நாலே நாலு பருக்கையும் ஒரு கடலைப்பருப்பும். அத்தை முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார், "பசிச்சா சொல்லக் கூடாதாத்தா?" பசித்தால்தானே சொல்வதற்கு!

(இதைப் படித்து யாரும் பயப்பட வேண்டாம். அவசரப்பட்டால் இப்படி ஆவது உண்டு. ஆனால் வாந்தி நாள் கணக்கில் நிற்காமல் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பி1 வைட்டமின் குறைந்து நரம்பைப் பாதிக்கும் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்சார்ஜில் கொடுத்த அந்தத் தாளில் கடைசியாக ஒரு வரி இருந்தது. உட்கார்ந்து, மெதுவாக, நன்றாக மென்று, ஒரு வேளைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு சாப்பிடவும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் வேண்டாம். மாத்திரை, ஊசி, பத்தியம் எல்லாவற்றையும் விட எனக்குக் கஷ்டமாக இருந்தது இந்த வரிதான். ஒரு நாளைக்கு ஐந்து தடவை அரை மணி நேரம் என்றால் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். கல்யாணமான 19 வருஷத்தில் நான் சூடாக, முதல் ஆளாக, நடுவில் எழுந்திருக்காமல் சாப்பிட்ட வேளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் இரண்டு பிரசவத்தின்போது.

அதனால் என் கட்சி இது. இந்த ஆபரேஷனுக்குக் கவுன்சிலிங் கொடுக்கும்போது நோயாளியை மட்டும் உட்கார வைத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை. சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார், மிச்சத்தைச் சாப்பிடுபவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு ஆணுக்கு ஆபரேஷன் என்றால் மனைவியைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பாடம் எடுக்கிறார்கள், காத்திருக்கும்போது என் கண்ணாலேயே பார்த்தேன். என் முறை வந்தபோது என் வீட்டுக்காரரை ஃபார்மில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். எட்டாம் நாள் நான் அடுப்படியில் நின்றேன். கனம் தூக்கக் கூடாது என்பதால் குக்கரை மட்டும் அவர் இறக்கி வைத்தார். நாலு பேருக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு எனக்கு இரண்டு மூடி மோர்.

பரிமாறுகிறவர்கள் கதை தனி. ஐந்தாவது மாதம் நாத்தனார் மகன் கல்யாணம். இலையில் ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் பருப்பு, அதுவே எனக்கு அதிகம். இலையை மூடப் போனேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்குறாங்க, என்ன நெனப்பாங்க? பாயசமாச்சும் குடி ஆத்தா." குடித்தேன், அரை டம்ளர். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, படபடவென்று அடித்துக்கொண்டு, கை நடுங்கி, பெண்ணுக்கு அலங்காரம் செய்த அறையில் ஜமுக்காளத்தில் போய்ப் படுத்துவிட்டேன். இனிப்பு இரைப்பையில் தங்காமல் ஒரே பாய்ச்சலில் சிறுகுடலுக்குப் போனால் இப்படி ஆகும், டம்பிங் என்பார்கள். இரைப்பையைச் சின்னதாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் அதிகம், ஸ்லீவ்காரர்களுக்கும் வரலாம். பெரியம்மா விசிறிக்கொண்டே சொன்னார், "வெறும் வயித்தோட இருந்தா மயக்கம் வராம என்ன செய்யும்."

இன்னொன்று, "குறுக்கு வழி". இது எங்கள் தெருவில் எனக்கு வைத்த பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் எனக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 46, சர்க்கரை, முட்டி இரண்டும் போச்சு. 40க்கு மேல், அல்லது நோயோடு 35க்கு மேல் என்றால் ஆபரேஷன் என்று அமெரிக்காவில் 1991இல் வகுத்த கணக்கு முப்பது வருஷம் ஓடியது. 2022இல் அமெரிக்க, உலக அளவிலான நிபுணர் சங்கங்களே அதை 35க்கும், நோயோடு என்றால் 30க்கும் இறக்கின. ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்றும் சொல்லிவிட்டன. நம் இன்சூரன்ஸ் விதியில் இன்னும் பழைய 40, 35தான். மருத்துவர்கள் வியாதி என்கிறார்கள், தெருவில் சோம்பேறித்தனம் என்கிறார்கள். குறுக்கு வழி என்பவர்கள் ஒரே ஒரு நாள் இருமல் மருந்து மூடியில் மோர் குடித்துப் பார்க்கட்டும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. நாலாவது மாதம் முடி கொட்டியது, சீப்பில் உருண்டை உருண்டையாக. பத்தாவது மாதத்திலிருந்து நெற்றியோரம் குட்டி முடி முளைத்து நிற்கிறது, பார்க்கக் கொஞ்சம் காமெடியாக இருக்கும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் வரும் என்று ஆறு மாதம் மாத்திரை. பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம் ஆயுசுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் தள்ளிப் போடணும். இரும்பு மாத்திரைக்கு மேல் காபி குடித்தால் மாத்திரை வீண். தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன். ஒரு முட்டையில் 6 கிராம்தான் தேறும், இட்லியில் 2. முதலில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. நம் இலையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி.

இப்போது பசி திரும்ப வந்துவிட்டது, முன்னைப் போல இல்லை, ஆனால் வந்துவிட்டது. கையும் சும்மா இருப்பதில்லை. எடை திரும்ப ஏறியவர்களை எனக்குத் தெரியும், குழாய் விரியும் என்பதும் தெரியும்.

வீட்டில் கொஞ்சம் மாறியிருக்கிறது. உப்புப் பார்ப்பது இப்போது மகள் வேலை. அவளுக்கு உப்பு எப்போதும் கம்மிதான், எல்லாரும் ஊறுகாயை வைத்துச் சமாளிக்கிறோம். மத்தியானம் ஒரு மணிக்கு என் சின்னத் தட்டோடு நான் முதலில் உட்கார்ந்துவிடுகிறேன். அத்தை முதல் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இப்போது எதிரில் வந்து உட்கார்ந்து கதை பேசுகிறார். நான் மென்று முடிப்பதற்குள் அவர் பிறந்த ஊர்க் கதை பாதி முடிந்துவிடும். டிபன் டப்பாவை மகனே அலம்ப வேண்டும் என்று சட்டம் போட்டாகிவிட்டது. மிச்சத்தை வாசலில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். சாயங்காலம் நாலரை ஆனால் எங்கள் தெரு நாய் கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறது, ஆள் நன்றாகவே உருண்டிருக்கிறது.