சிமி வீடுகளுக்குக் காசு யார் கொடுத்தது?

கிரேக்கத் தீவான சிமியின் துறைமுகப் படம் மறுபடியும் டைம்லைனில் சுற்றுகிறது. மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் காவியுமாய் அடுக்கிய வீடுகள். கீழே "சொர்க்கம்" என்று கமெண்டுகள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாறையைத் தவிர பெரிதாக ஒன்றும் விளையாத தீவில் இத்தனை மாளிகைகள் எப்படி வந்தன என்று ஒருவரும் கேட்பதில்லை.

கடற்பஞ்சுக் காசு. கடலடிப் பாறையில் ஒட்டி வளரும் ஓர் உயிரி அது; அதைக் காயவைத்துத்தான் அந்தக் காலத்தில் ஐரோப்பா குளிக்கவும் துடைக்கவும் பயன்படுத்தியது. ஆரம்பத்தில் அதை எடுத்த முறை நம் மன்னார் முத்துக்குளிப்பு மாதிரிதான். தட்டையான கனத்த கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் அடிக்குப் போவார்கள். பஞ்சை அறுத்து வலைப்பையில் போட்டுக் கயிற்றை இழுத்தால், மேலே இருப்பவர் தூக்கிவிடுவார்.

1860களில் செம்புத் தலைக்கவசத்தோடு காற்றுக்குழாய் உடை வந்தது. வெகு நேரம் அடியில் நிற்கலாம், இன்னும் ஆழம் போகலாம். பஞ்சு குவிந்தது, வணிகர் வீடுகள் எழும்பின. குளியாளிகளோ கரையேறிய கொஞ்ச நேரத்தில் கால் விளங்காமல் விழுந்தார்கள், சிலர் செத்தே போனார்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், வேகமாக மேலேறினால் குமிழியாகிவிடும். பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் இதை 1878லேயே விளக்கிவிட்டார். எவ்வளவு ஆழத்திலிருந்து எத்தனை நிமிடம் நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டும் என்ற அட்டவணை வந்தது 1908ல்தான். ஆனால் அறியாமை மட்டும் காரணமில்லை. சீசனுக்கு முன்பே குளியாளிக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள், அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். வாங்கிய காசுக்கு ஈடாகப் பஞ்சு எடுத்தே ஆகவேண்டியவன் எப்படி நிதானமாக மேலேறுவான்? முன்பணம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொன்று. கோள்களின் நகர்வைக் கணிக்கும் பழங்காலக் கிரேக்கப் பற்சக்கரப் பொறியான அன்டிகைதிரா கருவியைப் 'பழங்காலக் கணினி' என்று எல்லோரும் கொண்டாடுகிறோம். அது கிடந்த, கடலில் மூழ்கிய கப்பலை 1900ல் கண்டுபிடித்தது, புயலுக்கு ஒதுங்கிய சிமிப் படகு ஒன்று. எலியாஸ் ஸ்டாடியாடிஸ் என்ற குளியாளி சுமார் 45 மீட்டர் ஆழத்தில் வெண்கல, பளிங்குச் சிலைகளைப் பார்த்துப் பிணங்கள் என்று அரண்டு மேலே வந்தார். பிறகு கிரேக்க அரசுக்காக அவற்றை மேலே கொண்டுவந்ததும் இதே ஆட்கள்தான். அதில் ஒருவர் இறந்தார், இருவர் முடமானார்கள். பல கட்டுரைகளில் இவர்களுக்குக் கிடைப்பது "மீனவர்கள் தற்செயலாகக் கண்டனர்" என்ற ஒரே வரி. எனக்கு எரிச்சலே இங்கேதான். இவர்கள் மீனவர்களே இல்லை!

அப்புறம் 1912ல் இத்தாலி தீவைப் பிடித்தது. பஞ்சு வியாபாரமும் படிப்படியாகப் படுத்தது. 20,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் இப்போது சுமார் 2,500 பேர். வீடுகளைப் பழைய பாணியிலேயே புதுப்பிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். பக்கத்துப் பெரிய தீவான ரோட்ஸிலிருந்து காலைப் படகில் வரும் கூட்டம் படம் எடுத்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுகிறது. வணிகரின் வீடு படத்தில் விழும். முன்பணம் வாங்கியவன் கதையை யாராவது எழுதினால்தான் உண்டு.