நாங்கள் படிக்காமல் இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி மேடையில் பேசிய ஓய்வு பெற்ற ஐடி மேலாளர் ஒருவரின் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை இங்கே மறுபடி பகிரவில்லை. ஐடியில் வேலை போனவர்கள் அனைவரும் பத்து வருடமாக எதையும் புதிதாகப் படிக்காதவர்கள் என்று அவர் சொன்னதும் அரங்கம் கைதட்டியது. கைதட்டிய பிள்ளைகள் மீது எனக்கு வருத்தமில்லை.

நாங்கள் படிக்காமல் இல்லை. படித்ததற்கு வேலை தரப்படவில்லை. இத்துறையிலேயே மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி அல்லன்.

2007-இல் நான் சேர்ந்தபோது எந்தத் தொழில்நுட்பம் வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. பயிற்சி முடிந்த அன்று வந்த பட்டியலில் என் பெயருக்கு நேரே மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் பழைய வகைப் பெருங்கணினி) என்றிருந்தது. அன்று முதல் பதினாறு ஆண்டுகள் ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்காக, கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களைப் பராமரித்தேன். இடையில் மூன்று முறை மாற்றம் கேட்டபோதும், "உங்களை விடுவிக்க கிளையண்ட் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்றே பதில் வந்தது. அதைப் பாராட்டு என்று வேறு நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் உறங்கிய பிறகு பைத்தான் என்ற கணினி மொழியைப் படித்தேன். கைக்காசு செலவழித்து கிளவுட் (இணையவழிக் கணினிச் சேவை) சான்றிதழ் வாங்கினேன். புராஜெக்ட் முடிந்து, அடுத்த வேலை ஒதுக்கப்படாமல் காத்திருக்கும் பெஞ்சுக்கு வந்ததும், நிறுவனத்துக்குள்ளேயே நடந்த நான்கு நேர்காணல்களிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கிளவுட் புராஜெக்டில் எத்தனை வருட அனுபவம்?"

கடைசியில் சோழிங்கநல்லூர் அலுவலகத்தின் சிறிய அறை ஒன்றில், மனிதவளத் துறைப் பெண் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். ராஜினாமா படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்பது ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டிருந்தது. நான் அழுத்த வேண்டியது ஒரே ஒரு பொத்தானைத்தான்.

இது தனி ஒருவன் கதை என்பீர்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் ஏறத்தாழ 12,000 பேரை, பெரும்பாலும் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருப்பவர்களை, அனுப்பப்போவதாக அறிவித்தபோதும், காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருந்தாமைதான் என்றார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அங்கே, ஆண்டுக்கு 225 நாட்கள் பில்லிங்கில், அதாவது கிளையண்ட் பணம் தரும் வேலையில், இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்திருந்தது. (நான் வேலை பார்த்தது அங்கே அல்ல.) ஒருவரைப் பல ஆண்டுகள் ஒரே இருக்கையில் கட்டிப்போட்டுவிட்டு, 35 நாளில் வேறு ஆளாக மாறு என்பதற்குப் பெயர் திறன் மேம்பாடாம்!

சோம்பேறிகளும் இருந்தார்களே என்று சிலர் கேட்பார்கள். இருந்தார்கள். அவர்களில் பலர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்கள்.

ஜிசிசிகள் (வெளிநாட்டு நிறுவனங்கள் தாங்களே இங்கு நடத்தும் மையங்கள்) சென்னையில் ஆள் எடுக்கின்றனவே என்பது நியாயமான கேள்வி. எடுக்கின்றன, நல்ல சம்பளமும் தருகின்றன. நானும் பெருங்குடிக்கும் கிண்டிக்கும் போய் வந்தேன். அங்கும் அதே முதல் கேள்விதான்.

செயற்கை நுண்ணறிவால்தான் வேலை போகிறது என்பவர்களும் உண்டு. சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். ஆனால் எங்களை அனுப்பும் கணக்கு அதைவிடப் பழையது. 2007-இல் எனக்கு ஆண்டுச் சம்பளம் 3 லட்சத்துச் சொச்சம். இன்றும் பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம்தான். இத்தனை வருடத்தில் இட்லி விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை. என் ஒருவன் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம் என்ற கூட்டல் கழித்தலை, என் சோம்பல் என்று பெயர் மாற்றி அந்தப் பிள்ளைகளிடமே சொல்கிறார்கள். அவர்களுக்கும் நாற்பது வயது வரும்.

அந்தக் காணொளியை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் என் சித்தப்பா. அதன் கீழே 'நல்ல கருத்து' என்று எழுதியிருப்பவன் என் தம்பி. அவனுடைய பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டும் கட்டணம் கட்டியது அந்த மெயின்ஃபிரேம் சம்பளத்தில்தான்.