ராசியில்லாத அணி என்று சொல்லாதீர்கள்

நெதர்லாந்து கால்பந்து அணி ஒரு பெரிய தொடரிலிருந்து வெளியேறும்போதெல்லாம் நண்பர்கள் எனக்கு ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள்: "விடப்பா, உன் அணிக்கு ராசியில்லை." தோல்வியைக்கூட விழுங்கிவிடுவேன்; இந்த ஆறுதல்தான் தொண்டையில் நிற்கிறது. ராசியில்லை என்றால் அடுத்த முறையும் ராசியில்லைதானே? பிறகு நான் எதற்காக அந்த ஆரஞ்சு நிறச் சட்டையைத் துவைத்து மடித்து வைக்க வேண்டும்?

மூன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டங்கள், மூன்றிலும் தோல்வி. 1978-ல் ஆட்டம் 1-1 என்றிருந்தபோது, கடைசி நிமிடத்தில் எங்கள் ரென்சன்பிரிங்க் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா வென்றது. சரி, அதை மட்டும் ராசிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 1974 அப்படியா? மேற்கு ஜெர்மனி வீரர் ஒருவர் காலிலும் பந்து படுவதற்குள் எங்கள் நீஸ்கென்ஸ் பெனால்டியில் (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் உதை) கோல் அடித்துவிட்டார். அதன் பிறகு இரண்டாவது கோலைத் தேடாமல் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டி அழகு காட்டினார்கள், இடைவேளைக்குள் 1-2. அதற்குப் பெயர் மிதப்பு. 2010-ல் தனியாக முன்னேறி வந்த ராபனின் பந்தைத் தடுத்தது ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸின் கால். அது காசியாஸின் திறமை. எதிரணிக்கும் விளையாடத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?

பெனால்டிக்கு வருவோம். 1992, 1996, 1998, 2000 என்று எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு தொடர்களில், சமனில் முடிந்த ஆட்டத்தைப் பெனால்டி உதைகளால் தீர்மானிக்கும் ஷூட்-அவுட்டில் வெளியேறிய அணி இது. அவற்றில் 2000 யூரோ கோப்பை (ஐரோப்பிய நாடுகளுக்கான தொடர்) அரையிறுதியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சொந்த மண்ணில், ஆம்ஸ்டர்டாமில் ஆட்டம். 34-வது நிமிடத்திலேயே ஒருவர் வெளியேற்றப்பட்டு இத்தாலி பத்துப் பேராகிவிட்டது. ஆட்ட நேரத்தில் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீண். ஷூட்-அவுட்டில் எடுத்த நான்கில் மூன்று வீண். ஆறு உதை, ஒரு கோல்! இதற்குப் போய் எந்தக் கிரகத்தைக் குறை சொல்வது?

தகுதியே பெறாத 2002, 2018 உலகக் கோப்பைகள் இரண்டும் இதைவிட மோசம். தோற்பதற்காவது ஓர் ஆட்டம் வேண்டுமே.

தவறு என்று ஒப்புக்கொண்டால்தான் திருத்தலாம் என்ற எண்ணம் வரும். என் நம்பிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. திருத்தியும் காட்டியிருக்கிறார்கள். 1974-ல் தோற்ற அதே மியூனிக் மைதானத்தில்தான் 1988-ல் யூரோ கோப்பையைத் தூக்கினார்கள். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக, ஷூட்-அவுட்டுக்காகவே கடைசி நிமிடத்தில் கோல்கீப்பரை மாற்றினார் பயிற்சியாளர் வான் கால். உள்ளே வந்த டிம் குருல் இரண்டு உதைகளைத் தடுத்தார். (அரையிறுதியில் அந்த மாற்று வாய்ப்பைச் சேமித்து வைக்காமல் ஷூட்-அவுட்டில் தோற்றது வேறு கதை.) 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்தபோது மாற்று வீரராக வந்த வெகோர்ஸ்ட் தலையால் ஒரு கோல் அடித்தார். கூடுதலாகக் கொடுத்த பத்து நிமிடங்களும் கடந்த நிலையில் ஒரு ஃப்ரீ கிக். எல்லோரும் நேராகக் கோலை நோக்கி அடிப்பார்கள் என்று காத்திருக்க, கூப்மெய்னர்ஸ் தரையோடு உருட்டிவிட்டார். வெகோர்ஸ்ட் திரும்பி வலைக்குள் தள்ளினார். 2-2. அவ்வளவு அழுத்தத்தில் அப்படி ஒரு தந்திரம் பயிற்சி இல்லாமல் வராது. அந்த இரவும் ஷூட்-அவுட்டில் தோற்றோம் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஃப்ரீ கிக்கைப் பார்த்தவன் எப்படி நம்பிக்கையை விடுவான்?

ஒரே ஒரு வேண்டுகோள். 2000-ல் ஃபிராங்க் டி போயர், 2014 அரையிறுதியில் விளார், 2022-ல் வான் டைக். மூன்று ஷூட்-அவுட்டிலும் முதல் உதையை எடுத்தவர் ஒரு தடுப்பாட்டக்காரர். மூன்றையும் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். தயவுசெய்து அடுத்த முறை முதல் உதையை முன்கள வீரர் ஒருவரிடம் கொடுங்கள்.